தொட்டியிலிருந்து தரைக்கு: குளியலறை மின்காப்பு விதிகளின் வரலாறு

மலாயாவுக்கு மின்சாரம் வந்த வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. 1894ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்தின் ராவாங் வட்டாரத்தில், தம்புசாமிப் பிள்ளையும் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் இணைந்து இந்நாட்டின் முதல் தனியார் மின்னாக்க நிலையத்தை நிறுவினர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தோடும் பத்துமலையோடும் சேர்த்து நாம் நினைவுகூரும் அதே பெருமகனார்தாம் இவர். அந்த நிலையத்தின் மின்சாரம் முதன்மையாக எதற்குப் பயன்பட்டது என்பதே இவ்வுரைக்குத் தொடக்கமாகிறது. ஈயச் சுரங்கக் குழிகளில் ஊறி நிறைந்த நீரை வெளியே இறைக்கும் எக்கிகளை இயக்குவதற்காகவே அது ஆக்கப்பட்டது. மின்சாரம் இம்மண்ணில் காலெடுத்து வைத்தபோதே நீரின் பக்கத்தில்தான் நின்றது.

நூறாண்டு கழித்து, 1994ஆம் ஆண்டில், மலேசிய மின்சார ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. அவற்றின் 36ஆம் விதி, ஈரமாகக்கூடிய தரையுள்ள இடத்தில் மின்கசிவு எவ்வளவு வரை பொறுக்கப்படலாம் என்பதற்கு ஓர் எல்லையை வகுத்தது. அந்த எல்லை 10 மில்லியாம்பியர். ஓர் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு. சுரங்கக் குழியின் நீரிலிருந்து வீட்டுக் குளியலறையின் நீர் வரை மின்சாரம் நடந்துவந்த அந்த நூறாண்டில், அதனிடமிருந்து மனித உடலைக் காக்கும் எண்ணம் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

குளியலறை மின்காப்பு விதிகள் பெரும்பாலும் மேலை நாடுகளில் எழுதப்பட்டவை. அந்நாட்டார் குளிப்பது தொட்டியில். ஆகவே அவர்களின் விதி தொட்டியின் விளிம்பிலிருந்து அளக்கத் தொடங்கியது. நாம் குளிப்பது தரையில் நின்று. நம் குளியலறையில் எது தொட்டி, எது வெளி என்று பிரிக்கும் விளிம்பே இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்து படித்தால்தான் நம் நாட்டு விதி ஏன் வேறு சொல்லால் எழுதப்பட்டது என்பதும், அது நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதும் விளங்கும்.

தீக்கு அஞ்சிய முதல் விதிகள்

மின்கம்பி அமைப்பதற்கான விதிகளை முதன்முதலில் தொகுத்தவர்களுள் பிரிட்டனின் மின்பொறியாளர் கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். 1882ஆம் ஆண்டில், தந்திப் பொறியாளர் சங்கம் என்னும் பெயரோடு இயங்கியபோது, மின்விளக்குகளால் விளையக்கூடிய தீவிபத்தைத் தடுக்கும் விதிகள் என்ற தலைப்பில் சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு வெளியீட்டை அவர்கள் கொண்டுவந்தனர். அத்தலைப்பே அக்காலத்து அச்சத்தை நமக்குக் காட்டுகிறது. அன்று மின்சாரம் என்றால் விளக்கு. ஆபத்து என்றால் தீ. மரத்தாலான மாளிகைகளும் துணித்திரைகள் தொங்கும் நாடகக் கொட்டகைகளும் எரிந்துவிடக் கூடாது என்பதே பொறியாளர்களின் முதற்கவலை. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897இல் தோன்றியபோதும் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் கவலையே அதற்குப் பின்புலமாக இருந்தது.

மின்சாரம் விளக்கை விட்டிறங்கித் துணிதேய்க்கும் பெட்டியாகவும் அறையைச் சூடாக்கும் கருவியாகவும் மனிதரின் கைக்குள் வந்தபின்னரே அடுத்த கவலை பிறந்தது. 1924ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிட்டிஷ் விதிகளின் 8ஆம் பதிப்பு, பழைய தலைப்பைக் கைவிட்டு, கட்டடங்களின் மின்னமைப்புக்கான விதிகள் என்னும் பொதுத்தலைப்பைச் சூடிக்கொண்டது. தலைப்பு மாறியது சிறிய செய்திதான். ஆனால் விதியின் பார்வை கட்டடத்திலிருந்து அதில் வாழும் மனிதரை நோக்கித் திரும்பிய காலம் அது என்பதை அம்மாற்றம் உணர்த்துகிறது.

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மின் விநியோகத்தை மேற்கொண்டது. தெருவில் மின்சார டிராம் வண்டியும் ஓடியது. குடியேற்ற ஆட்சியோடு பிரிட்டிஷ் விதிகளும் பிரிட்டிஷ் பொருள்களும் வந்து சேர்ந்தன. இன்றும் நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் மூன்று சதுரக் கால்களையுடைய 13 ஆம்பியர் செருகி, 1947இல் வெளியான பிரிட்டிஷ் தரத்தின் வழிவந்தது. பொருள் வந்த வழியே விதியும் வந்தது. அவ்விதியோடு அவர்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றிய கற்பனையும் வந்தது.

தூரம் என்னும் முதற்காப்பு

குளியலறையில் மின்சாரம் கொடியதாவதற்குக் காரணம் எளிது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுத்து நிற்கும். நனைந்த தோல் அத்தடையை இழந்துவிடும். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் உடலினூடே பாயும் மின்னோட்டம் 230 மில்லியாம்பியர். நெஞ்சத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்க, நீடித்துப் பாயும் 50 மில்லியாம்பியரே போதும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த 230 எவ்வளவு பெரிய எண் என்பது புலப்படும். மேலும், குளிப்பவர் வெற்றுடம்போடும் வெறுங்காலோடும் நிற்கிறார். உலோகக் குழாயைத் தொடுகிறார். மின்சாரம் நிலத்தை அடைய இதைவிட நல்ல பாதை வேறில்லை.

இதற்குப் பிரிட்டிஷார் கண்ட விடை தூரம். குளிப்பவரின் கை எட்டாத இடத்தில் மின்சாரத்தை வைத்துவிட்டால் ஆபத்து இல்லை என்பது அவர்களின் வாதம். பல பத்தாண்டுகளாகப் பிரிட்டிஷ் குளியலறைகளில் வழக்கமான செருகுதுளைகளுக்கு இடமே இல்லை. விளக்கின் சுவிட்சு சுவரில் இருக்கவில்லை. கூரையிலிருந்து தொங்கும் நூற்கயிற்றை இழுத்து விளக்கேற்றினர். ஈரக் கையும் உலோகத் தொடுமுனையும் சந்திக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

ஒரே ஒரு விலக்கு மட்டும் அளிக்கப்பட்டது. அது முகம் மழிக்கும் கருவிக்கான செருகுதுளை. அதனுள் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். வீட்டு மின்சாரம் மின்மாற்றியின் ஒரு சுருளில் பாயும். மறுசுருளில் எழும் மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஆகவே நிலத்தில் நிற்பவர் அதன் ஒரு முனையைத் தொட்டாலும் சுற்று நிறைவுறாது. மழிப்புக் கருவிக்குப் போதுமான சிறு ஆற்றலைத் தவிர வேறெதையும் அது தாராது. தங்கும் விடுதிக் குளியலறைகளில் நாம் காணும் மழிப்புக்கருவிச் செருகுதுளையின் பின்னே இருக்கும் நுட்பம் இதுவே.

பின்னர் பன்னாட்டு மின்நுட்ப ஆணையம் இத்தூரக் கணக்கை மண்டலங்களாக வகுத்தது. தொட்டியின் உட்பகுதி சுழி மண்டலம். தொட்டிக்கு நேர்மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை உள்ள வெளி 1ஆம் மண்டலம். அதற்கு அப்பால் 0.6 மீட்டர் அகலமுள்ள பகுதி 2ஆம் மண்டலம். இம்மண்டலங்களுள் எந்தக் கருவியை வைக்கலாம், அதற்கு எத்தகைய நீர்த்தடுப்பு வேண்டும் என்பதை விதி வரையறுக்கிறது. 2008இல் வெளிவந்த பிரிட்டிஷ் விதிகளின் 17ஆம் பதிப்பு, 1ஆம் மண்டலத்தின் எல்லையிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் வழக்கமான செருகுதுளையை முதன்முறையாக அனுமதித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தூரத்தை 2.5 மீட்டராகக் குறைத்தது. அமெரிக்காவிலும் 2020ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, தொட்டி விளிம்பிலிருந்து கிடையாக 3 அடியும் மேல்நோக்கி 8 அடியும் கொண்ட வெளிக்குள் செருகுதுளை கூடாது என்று எல்லை கட்டியது.

தூரம் என்னும் இக்காப்பு அறிவுடையது, செலவில்லாதது, பழுதுபடாதது. ஆயினும் அதற்கு இரு குறைகள் உண்டு. ஒரு நீட்டிப்புக் கம்பியைக் கொண்டு வந்தால் 3 மீட்டர் தூரம் ஒரு நொடியில் அழிந்துவிடும் என்பது முதற்குறை. குளியலறைக்குள்ளேயே நிலையாகப் பொருத்தித்தான் ஆகவேண்டிய கருவிக்குத் தூரம் உதவாது என்பது இரண்டாவது. நம் நாட்டுக்கு இந்த இரண்டாவது குறையே பெரியது.

அளத்தல் என்னும் இரண்டாம் காப்பு

உருகியும், அதன் இடத்தைப் பிடித்த சுமைத் துண்டிப்பானும் கம்பியைக் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. 20 ஆம்பியர் துண்டிப்பான், அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்து கம்பி சூடேறும்போது செயற்படும். மனிதரைக் கொல்லப் போதுமான மின்னோட்டமோ அதில் நானூற்றில் ஒரு பங்கு. ஒருவர் உயிரிழக்கும் வேளையிலும் அத்துண்டிப்பான் எதையும் உணராது அமைதியாக இருக்கும். இந்த உண்மை அறியப்பட்டிருந்தும், அவ்வளவு சிறிய மின்னோட்டத்தைக் கண்டறியும் கருவி வெகுகாலம் இல்லை.

எவ்வளவு சிறியது என்பதை முதலில் அளக்க வேண்டியிருந்தது. அப்பணியில் பெரும்பங்கு ஆற்றியவர் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்ல்சு டால்சீல். மின்கம்பியைப் பற்றிய கை, தசை இறுகுவதால் அதை விடமுடியாமல் ஒட்டிக்கொள்வதுண்டு. தானே கையை விடுவித்துக்கொள்ளக்கூடிய பெரும மின்னோட்டம் எவ்வளவு என்பதை அறிய, தாமாக முன்வந்த 134 ஆடவரிடமும் 28 மகளிரிடமும் அவர் ஆய்வு நடத்தினார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியாம்பியர், மகளிர்க்கு 10.5. சராசரியைக் காட்டிலும் நலிந்தோரையும் கணக்கில் கொண்டால் ஆடவர்க்கு 9, மகளிர்க்கு 6 எனக் குறைகிறது. மின்விதிகளில் நாம் காணும் சிறிய எண்கள் ஒருவருடைய கற்பனையில் தோன்றியவை அல்ல. மனிதக் கைகளில் அளந்து பெற்றவை.

அளவு தெரிந்தது, கருவி வேண்டும். இங்கும் சுரங்கமே வழிகாட்டியது. 1950களின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நேர்ந்த மின்விபத்துகளைத் தடுக்க, என்றி ரூபின் என்னும் பொறியாளர் நுண்ணுணர்வுள்ள ஒரு மின்கசிவுக் காப்பை உருவாக்கினார். சுரங்கத்துக்காகத் தொடங்கிய அம்முயற்சி விரைவில் வீடுகளுக்கேற்ற சிறு கருவியாயிற்று. ஆஸ்திரியாவில் கோட்பிரீட் பீகல்மையர் ஏறத்தாழ அதே காலத்தில் இத்துறையில் உழைத்தார். டால்சீல் 1961இல் அமெரிக்காவில் தம் கருவியை உருவாக்கினார். ராவாங் சுரங்கத்தில் நீரிறைக்க வந்த மின்சாரத்தை நினைவில் கொண்டோர்க்கு, அதன் ஆபத்துக்கான காப்பும் சுரங்கத்திலிருந்தே புறப்பட்டது பொருத்தமாகத் தோன்றும்.

அக்கருவியின் தத்துவம் ஒரு வீட்டுக்கணக்கைப் போன்றது. ஒரு கம்பியில் வீட்டுக்குள் நுழையும் மின்னோட்டம் அனைத்தும் மற்றொரு கம்பியில் திரும்பிச் செல்ல வேண்டும். இரு கம்பிகளும் ஒரு வளையத்தினூடே செலுத்தப்படுகின்றன. வரவும் செலவும் சமமாயின் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையம் எதையும் உணராது. ஒரு சிறு பங்கு வேறு வழியில், அதாவது ஒரு மனிதரின் உடல் வழியே நிலத்துக்குச் சென்றுவிட்டால், வரவுக்கும் செலவுக்கும் இடையே ஓர் எச்சம் தோன்றும். அந்த எச்சத்தை வளையம் உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும். வகுக்கப்பட்ட அளவு எச்சம் தோன்றினால் 0.3 நொடிக்குள்ளும், அதைப் போல் ஐந்து மடங்கு தோன்றினால் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரம்.

இக்கருவி வந்தபின் விதிகளின் போக்கும் பிரிந்தது. பிரிட்டிஷார் தூரத்தையே தொடர்ந்து நம்பினர். அமெரிக்கரோ, 1975ஆம் ஆண்டு விதித்தொகுப்பில், வீட்டுக் குளியலறையின் செருகுதுளைக்கு இக்காப்பைக் கட்டாயமாக்கி, கைகழுவும் தொட்டியின் அருகிலேயே அதை வைத்துக்கொண்டனர். ஒரு மரபு தூரத்தை நம்பியது. மற்றொன்று அளவையை நம்பியது. நம் நாடு எதை நம்பவேண்டும் என்ற கேள்விக்கு நம் குளியலறையே விடை சொல்லியது.

நம் வீடும் நம் குளியலறையும்

செபராங் பிறையின் தமிழர் வரலாறு கரும்புத் தோட்டங்களோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்குமாக இங்கு வந்த தொழிலாளர்கள் லயங்களில் வாழ்ந்தனர். கிணற்றடியும் பொதுக்குழாயும் ஆற்றங்கரையுமே அவர்களின் குளியலிடம். அங்கே மின்சாரம் இல்லை. ஆகவே மின்சாரத்தால் வரும் ஆபத்தும் இல்லை.

1969இல் தோன்றிய பினாங்கு மேம்பாட்டுக் கழகம், பிறைத் தொழிற்பேட்டைக்கு அண்மையில், 1970களில் செபராங் ஜெயாவைப் புதுநகராக உருவாக்கத் தொடங்கியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தொழிற்சாலை வேலைக்கும் கல்வீடுகளுக்கும் மாறின. குளியல் வீட்டுக்குள் வந்தது. அக்காலத்துக் குளியலறை என்பது சிறிய அறை, மூலையில் கோலா என்று மலாயில் வழங்கும், சுவரோடு சேர்த்துக் கட்டிய நீர்த்தொட்டி, ஒரு குவளை, சிமெண்டுத் தரை. கோலாவில் யாரும் இறங்கிக் குளிப்பதில்லை. அதிலிருந்து முகந்து, தரையில் நின்று தலையில் ஊற்றிக்கொள்வர். நீர் சுவரிலும் தரையிலும் கதவிலும் தெறிக்கும்.

பிறகு உடனடித் தண்ணீர்ச் சூடேற்றி வந்தது. வெப்பநாட்டில் வெந்நீர் எதற்கு என்று கேட்டவர்களும் முதியோருக்காகவும் கைக்குழந்தைகளுக்காகவும் அதை வாங்கினர். குளிப்பவரின் தோளுயரத்தில், கை எட்டும் தூரத்தில், ஏறத்தாழ 3.6 கிலோவாட் ஆற்றல் கொண்ட கருவி சுவரில் ஏறியது. பாயும் நீர் அதனுள் சூடேறி நேரே குளிப்பவரின் உடலில் விழுகிறது. தூரத்தை நம்பிய பழைய விதிக்கு இதைவிடப் பெரிய அறைகூவல் இருக்க முடியாது. செருகுதுளையைக் குளியலறைக்கு வெளியே வைத்தோம். ஆனால் மின்கருவியையே குளியலுக்குள் கொண்டுவந்தோம்.

பன்னாட்டு மண்டலக் கணக்கும் இதை ஓரளவு அறிந்திருந்தது. தொட்டியில்லாத பொழிநீர்க் குளியலுக்கு, நீர்க்குழாய் முனையைச் சுற்றி 1.2 மீட்டர் வரை 1ஆம் மண்டலம் எனக் கொள்ளவேண்டும் என்கிறது அத்தரம். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட நம் குளியலறையில் 1.2 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அறை முழுதும் அதற்குள் அடங்கிவிடும். 3 மீட்டர் தூரம் வேண்டுமென்றால் கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

1990ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுள் அடுத்தடுத்த எண்களைக் கொண்ட இரண்டு இங்கே நினைக்கத்தக்கன. 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. குழாய்நீரும் மின்சாரமும் அவ்வசதிகளுள் அடங்கும். 447ஆம் சட்டம், மின்சார விநியோகச் சட்டம். தோட்டத்து வீட்டுக்கு நீரும் மின்சாரமும் சேரவேண்டும் என்றது ஒன்று. சேர்ந்த மின்சாரம் யாரையும் கொல்லாதிருக்க வழிவகுத்தது மற்றொன்று. நம் மக்களின் வாழ்வில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே நிற்கின்றன.

தரையைப் பேசிய விதி

447ஆம் சட்டத்தின்கீழ் எழுந்தவைதாம் 1994ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள். அவற்றின் 36ஆம் விதி இடங்களை மூன்றாகப் பகுக்கிறது. தரை ஈரமாகக்கூடிய இடம், அல்லது சுவரோ சுற்றடைப்போ மின்தடை குறைந்ததாக உள்ள இடம்: அங்கே 10 மில்லியாம்பியர். கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் இருக்கக்கூடிய இடம்: 30 மில்லியாம்பியர். ஏனைய இடங்கள்: 100 மில்லியாம்பியர். நடைமுறையில் தண்ணீர்ச் சூடேற்றிக்கு 10, செருகுதுளைகளுக்கு 30, விளக்கு முதலியவற்றுக்கு 100 என்று எரிசக்தி ஆணையத்தின் வழிகாட்டி இதை எடுத்துரைக்கிறது.

இவ்விதியின் சொல்லாட்சி நோக்கத்தக்கது. தொட்டியின் விளிம்பிலிருந்து இத்தனை மீட்டர் என்று அது தொடங்கவில்லை. ஈரமாகக்கூடிய தரை என்று தொடங்குகிறது. குளியலறை, துணிதுவைக்கும் பின்கட்டு, மீன் கழுவும் கடைத்தளம் ஆகிய அனைத்தையும் அச்சொல் ஒருங்கே தழுவுகிறது. பெயர் எதுவாயினும், வெறுங்கால் ஈரத்தில் நிற்கும் இடமெல்லாம் அதன் ஆட்சிக்குள் வருகிறது.

10 என்னும் எண்ணும் காரணமின்றித் தோன்றியதன்று. டால்சீலின் அளவைகளை நினைவுகூர்க. கை தன்னை விடுவித்துக்கொள்ளக்கூடிய எல்லையை ஒட்டி அது நிற்கிறது. அவ்வாறாயின் வீடு முழுமைக்கும் 10 வைத்தால் என்ன என்ற வினா எழலாம். நல்ல நிலையிலுள்ள கருவிகளிலும் மிகச் சிறு கசிவு இயல்பாக உண்டு. வீட்டின் கருவிகள் அனைத்தின் கசிவும் கூடினால், ஒரு குறையும் இல்லாமலே துண்டிப்பான் அடிக்கடி விழும். அலுத்துப்போன வீட்டார் அதைக் கழற்றிவிடுவர். ஆகவே கூர்மையான காப்பை மிக ஆபத்தான ஒரே சுற்றுக்கு மட்டும் அளிப்பது அறிவுடைமை.

நம் நாட்டுக்கு இக்கருவி இன்றியமையாததாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பெரும்பாலான வீடுகளின் புவியிணைப்பு, வீட்டருகே மண்ணில் அடித்திறக்கிய ஒரு தண்டைச் சார்ந்தது. பழுதுபட்ட சூடேற்றியிலிருந்து கசியும் மின்சாரம் அத்தண்டின் வழியே மண்ணுக்குள் சென்று, மண்ணினூடே மின்மாற்றியை அடையவேண்டும். அப்பாதையின் தடை 20 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 ஆம்பியர். 20 ஆம்பியர் துண்டிப்பான் இதற்கு அசையவே அசையாது. சூடேற்றியின் உலோகப் பகுதியும் அதிலிருந்து வழியும் நீரும் உயிருள்ள மின்னழுத்தத்தில் நிலைத்து நிற்கும். எச்சத்தை அளக்கும் கருவியோ, அதே 12 ஆம்பியர் கசிவைத் தன் எல்லையைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டதாகக் கண்டு கண்ணிமைக்கும் முன் துண்டித்துவிடும். புவியிணைப்பும் கசிவுக்காப்பும் இணைந்தே பணியாற்றுகின்றன. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டா என்று எண்ணுவது பிழை.

இக்கருவிக்கும் எல்லைகள் உள்ளன. உடலில் பாயும் மின்னோட்டத்தின் அளவை அது குறைப்பதில்லை. பாயும் நேரத்தையே குறைக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் இரு கம்பிகளையும் தொட்டு, நிலத்துக்குக் கசிவு ஏதும் இல்லாதிருந்தால், வரவும் செலவும் சமமாகவே தோன்றும், கருவி ஏமாந்துவிடும். ஆகவே தூரம் என்னும் பழைய காப்பு இன்றும் தேவைப்படுகிறது. சூடேற்றியின் இருமுனைச் சுவிட்சை நம் மின்பணியாளர் குளியலறைக்கு வெளியே வைக்கும் வழக்கம் அந்தப் பிரிட்டிஷ் நூற்கயிற்றின் வழித்தோன்றலே.

சொல்லும் ஒரு காப்பு

மொழியை வளர்க்கும் அவையொன்றில் மின்விதியைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் செய்தித்தாள்களில், மின்கசிவால் தீவிபத்து என்ற தலைப்பை அடிக்கடி காண்கிறோம். பல வேளைகளில் அங்கே நேர்ந்தது கசிவன்று. இரு கம்பிகள் நேரடியாக ஒன்றையொன்று தொட்டுப் பெருமின்னோட்டம் பாய்வது குறுக்குச்சுற்று. மின்சாரம் தன் பாதையை விட்டு நிலத்துக்கு வழிவதே கசிவு. முன்னதைத் தடுப்பது சுமைத் துண்டிப்பான். பின்னதைத் தடுப்பது கசிவுத் துண்டிப்பான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கினால், இரண்டு கருவிகளும் ஒன்றே என்ற எண்ணம் வேர்விடுகிறது. பெட்டியைத் திறந்து, வரிசையாக நிற்கும் சுவிட்சுகளைக் கண்டு, எல்லாம் இருக்கிறது என்று மூடிவிடுகிறோம். மனிதரைக் காக்கும் அந்த ஒன்று அவ்வரிசையில் இல்லாதிருப்பது கண்ணில் படுவதில்லை.

கசிவு என்ற சொல் தன்னளவில் அழகானது, பொருத்தமானது. பானையில் கசியும் நீரைப் போல, கண்ணுக்குத் தெரியாமல், சிறிது சிறிதாக வழிவதை அது உணர்த்துகிறது. மலாய்மொழியிலும் ஒழுகுதல் என்னும் பொருள்தரும் சொல்லே இதற்கு வழங்குகிறது. அச்சொல்லை அதற்குரிய பொருளில் மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும். கலைச்சொல்லாக்கம் என்பது அகராதிக்காக மட்டும் செய்யும் பணியன்று. சுமைத் துண்டிப்பான், கசிவுத் துண்டிப்பான் என்னும் இரு பெயர்களை நம் இல்லத்தரசியரும் பள்ளிப் பிள்ளைகளும் வேறுபடுத்திச் சொல்லப் பழகினால், அது சில உயிர்களைக் காக்கும் சொற்பணியாகும்.

வீட்டுப் பெட்டியில் இவ்விரண்டையும் அறிவது கடினமன்று. கசிவுத் துண்டிப்பானில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். சுமைத் துண்டிப்பானில் அது இராது. கசிவுத் துண்டிப்பானின் முகத்தில் 0.01 ஆம்பியர் அல்லது 10 மில்லியாம்பியர் என்று பொறித்திருந்தால் அது ஈரத்தரைக்கு உரியது, 0.03 என்றிருந்தால் செருகுதுளைக்கு உரியது, 0.1 என்றிருந்தால் பொதுக்காப்பு. மாதம் ஒருமுறை அப்பொத்தானை அழுத்தினால் துண்டிப்பான் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி அலங்காரமே. அப்பொத்தான் கருவியைச் சோதிக்குமேயன்றி மண்ணில் புதைந்த புவியிணைப்பைச் சோதிக்காது. அதை அளந்து சொல்லப் பதிவுபெற்ற மின்பணியாளர் வேண்டும்.

முடிவுரை

1994க்கு முன் எழுந்த வீடுகள் செபராங் ஜெயாவில் இன்னும் பல உள்ளன. அவை கட்டப்பட்டபோது குளியலறையில் கோலா இருந்தது, சூடேற்றி இல்லை. சூடேற்றி பின்னாளில் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தியபோது தனிக்கம்பியும் 10 மில்லியாம்பியர்க் காப்பும் உடன் வந்தனவா, அல்லது அருகிலிருந்த செருகுதுளையிலிருந்து கம்பி இழுக்கப்பட்டதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் பெட்டியைத் திறந்தே அறியவேண்டும். வாடகை வீட்டில் வாழ்வோர் இதை வீட்டுக்காரரிடம் கேட்பதில் தயக்கம் கொள்ளத் தேவையில்லை.

தீக்கு அஞ்சி 1882இல் தொடங்கிய விதி, தொட்டியின் விளிம்பில் தூரத்தை அளந்து, பின் மனிதக் கையின் வலிமையை அளந்து, இறுதியில் நம் ஈரத்தரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த விதி, வீட்டு வாசலில் நின்றுவிடுவதும் உள்ளே நுழைவதும் நம் கையில் இருக்கிறது. அந்தச் சிறு பொத்தானை இம்மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்போமாக.